மருந்துக் கட்டத்தில் 'மேற்படி'

'10 டிசம்பர் 2022, இரண்டாம் சனி. தம்பி: பி.எஸ்.ஏ. 2.4. போன ஆண்டைவிடக் குறைவு. மருந்து: மேற்படி. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாமா என்று கேட்டான். தேவையில்லை என்றேன்.'

இது என் நோட்டில், என் கையெழுத்தில், நீல மையில் இருக்கிறது. மற்றவர்கள் எழுதிவைத்த தேதிகளைச் சரிபார்ப்பதில் எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. இந்த ஒரு பதிவைத்தான் கடந்த சில மாதங்களில் அதிக முறை எடுத்துப் படித்திருக்கிறேன். இதில் ஒரு சொல்லைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். எந்தச் சொல் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர் தேவைப்பட்டார். அந்தத் தவறு என் தம்பியை எவ்வளவு தூரம் பாதித்தது என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

நோட்டு தொடங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018இல் அப்பாவுக்கு இடுப்பு வலி வந்தது. ஐந்து மாதம் தைலம், வெந்நீர் ஒத்தடம், பெல்ட் என்று ஓடியது. பிறகு எடுத்த படத்தில் எலும்புகளில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அது தொடங்கிய இடம் புராஸ்டேட் என்றார்கள். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் ஒரு சிறிய சுரப்பி அது. அப்படி ஓர் உறுப்பு இருப்பதே அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மறு ஆண்டு அப்பா போய்விட்டார். கடைசியாகப் பார்த்த டாக்டர் எங்கள் இருவரையும் தனியே அழைத்து, "அப்பாவுக்கு இருந்தா மகன்களுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். நீங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் பார்த்துக்கணும்" என்றார்.

நான் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு டிசம்பரும் இரண்டாம் சனிக்கிழமை, காலை ஏழரைக்கு, அல்சூரில் ஒரே ஆய்வகத்தில், புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு இருவரும் ரத்தம் கொடுப்போம். இரண்டாம் சனி என்பது அப்பா மாநில அரசு வேலையில் இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டு வேலைகளுக்கு ஒதுக்கிய நாள். தேதி, எண், மருந்து, குறிப்பு என்று நான்கு கட்டம் போட்டு எழுதினேன். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே சைக்கிள் ஓட்டக் கூடாது என்று படித்திருந்ததால் தம்பியின் சைக்கிளை நிறுத்தினேன். நிறுத்தவேண்டிய இன்னொன்றும் இருந்தது. அதை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு, "இதை என் பொண்டாட்டிகிட்ட காட்டிட்டு, கீழ உன் கையெழுத்தும் வாங்கிக்கவா அண்ணா?" என்றான்.

இவ்வளவு கவனமாக இருந்தவன், மருந்துக் கட்டத்தில் மட்டும் முதல் ஆண்டு கேட்டதோடு நிறுத்திவிட்டேன். 2020இல் 'பி.பி. மாத்திரை ஒன்று, காலை' என்று எழுதினேன். அடுத்த ஆண்டிலிருந்து 'மேற்படி'. அவனைக் கேட்காமலே எழுதினேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று ஒட்டியவன் நான். பழைய சான்றைப் பார்த்துப் புதிய சான்றை நிரப்பிய இரண்டு பேர்மீது மேலிடத்துக்கு எழுதியும் இருக்கிறேன்.

தம்பியின் எண்கள் இவை. 2020இல் 2.1. அடுத்து 2.6. அடுத்து 2.4. அதற்கடுத்து 2.5. 2024இல் 2.9. ஆய்வகத் தாளில் 'நான்குக்குக் கீழ் இயல்பு' என்று அச்சடித்திருக்கும். எல்லாம் நான்குக்குக் கீழ்தான்.

2025 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை. டாக்டரிடம் போகவேண்டியிருந்தது தம்பிக்கு அல்ல, எனக்கு. அப்போது எனக்கு அறுபத்தேழு வயது. இரவில் மூன்று நான்கு முறை எழவேண்டியிருந்தது. போனாலும் சிறுநீர் உடனே வராது. துணைக்குத் தம்பி ஆஸ்டின் டவுனிலிருந்து வந்தான். என்னைவிட எட்டு வயது இளையவன். ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. மர்பி டவுனில் என் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு, "நோட்டு எடுத்துக்கிட்டியா? ஆதாரை மறந்தாலும் பரவால்ல, நோட்டு இல்லாம டாக்டர் உன்னைச் சேர்த்துக்க மாட்டாரு" என்றான்.

டாக்டர் கன்னடக்காரர். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் உள்ளே அழைத்தவர், நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். என்னைப் பரிசோதித்தார், ஸ்கேன் தாளைப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு வயசுக்கு வளர்ற வளர்த்திதான். சுரப்பி பெருத்துக் குழாயை அமுக்குது. மாத்திரை தர்றேன், சரியாகும். இது வேற, கேன்சர் வேற. நடுராத்திரி எழுப்புறது பெரும்பாலும் இதுதான். அது ஆரம்பத்துல சத்தமே போடாது."

தம்பி என் முதுகில் தட்டினான். "அப்ப வெறும் வயசுதான் டாக்டர். அதுக்கும் ஒரு கட்டம் போட்டுடுவாரு."

நான் நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். டாக்டர் தரவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இது யாரோடது?"

"இவனோடது. என் தம்பி."

"நோட்டு சென்னாகிதே சார். ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. அப்பாவுக்கு இருந்துச்சுன்னு மேல எழுதியிருக்கு. இவரை டாக்டர் யாராவது கை வெச்சுப் பார்த்தாங்களா?"

"நம்பர் நாலுக்குக் கீழதானே இருக்கு டாக்டர்."

"நாலுங்கிறது மதில் சுவர் இல்ல சார். நாலுக்கு மேல போன பல பேருக்கு ஒண்ணும் இருக்காது. கீழ இருக்கிற சிலருக்கு இருக்கும்." பிறகு தம்பியைப் பார்த்தார். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"பி.பி.க்கு ஒண்ணு."

நான் 'மேற்படி' என்று எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். டாக்டர் நோட்டைப் பார்க்கவில்லை. தம்பியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிக்கு?"

"முடிக்குன்னா?"

"முடி நல்லா இருக்கு. அதான் கேட்டேன்."

தம்பி என்னைப் பார்த்தான். மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். "ஒண்ணு போடுறேன். சின்னது. தினமும்."

"ஃபினாஸ்டிரைடா?"

"அந்த மாதிரிதான் பேரு."

"நீ சொல்லவே இல்லையேடா" என்றேன்.

"நீ கேக்கவே இல்லையே அண்ணா. வியாதிக்குச் சாப்பிட்டாத்தானே மருந்து. ஆபீஸ்ல பூரா முப்பது வயசுப் பசங்க. அவங்க நடுவுல நான் ஒருத்தன் வழுக்கையோட உக்காந்திருக்கணுமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். மூணுகூட இருக்கலாம்."

என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டார். "இந்த மாத்திரையை ஆறு மாசம், ஒரு வருஷம் சாப்பிட்டா, பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிடும். சுரப்பிக்குள்ள இருக்கிறது குறையாது, தாள்ல வர்ற நம்பர்தான் குறையும். அதனால நாங்க அதை ரெண்டால பெருக்கிப் பார்ப்போம்." 2.9க்குப் பக்கத்தில் 5.8 என்று எழுதினார். 2.5க்குப் பக்கத்தில் 5. பென்சில் 2022க்கு வந்து நின்றது. அங்கே எண் எதுவும் எழுதவில்லை. சிறிய கேள்விக்குறி போட்டார்.

"மாத்திரை சாப்பிட்டது தப்புன்னு சொல்லல. சொல்லாம விட்டதுதான் தப்பு. அதோட இன்னொண்ணு. மாத்திரை போட்டுக் குறைஞ்ச நம்பர் குறைஞ்சேதான் இருக்கணும். இவருக்கு ஏறுது."

திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அப்போது மணி பதினொன்று நாற்பது. பரிசோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே போகும்போது, "விரல்தானே டாக்டர், மோதிரம் இல்லையே?" என்று தம்பி கேட்டது எனக்குக் கேட்டது. வெளியே வந்தபோது பெல்ட்டை மாட்டிக்கொண்டே வந்தான். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "இடது பக்கம் ஒரு இடம் கெட்டியா இருக்கு. எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம்" என்றார்.

திரும்பும் வழியில் ஆட்டோ சிக்னலில் நெடுநேரம் நின்றது. தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணா, கேன்சர் மாதிரி ஏதோ இருக்குன்னா வீட்டுல அவகிட்ட சொல்லிக்கலாம். முடி மாத்திரை விஷயத்தை மட்டும் சொல்லிடாத."

அவன் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

எம்.ஆர்.ஐ. பிப்ரவரி 10இல். இடது பக்கத்தில் சந்தேகம் என்று வந்தது. 20ஆம் தேதி பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாக ஊசி செலுத்திப் பன்னிரண்டு இடங்களுக்கு மேல் துணுக்கு எடுத்தார்கள். முடிவுக்கு எட்டு நாள். அந்த எட்டு நாளில் நான் செய்தது ஒன்றே. 2022இன் 2.4ஐ எடுத்துக்கொண்டு, அது 2.4தானா, 4.8ஆ என்று கணக்குப் போட்டேன். மாத்திரை அதற்கு முன்பே தொடங்கியிருந்தால், நான் 'தேவையில்லை' என்று சொன்ன நாளில் அவனுடைய உண்மையான எண் கோட்டுக்கு மேலே இருந்திருக்கும். அவன் தானாக வந்து டாக்டரிடம் போகிறேன் என்றான். தடுத்தது நான். பிறகு தொடங்கியிருந்தால், அன்று எனக்குத் தெரிந்ததை வைத்து நான் சொன்னதில் பெரிய பிழை இல்லை.

என் மனைவி ஒரு மாலை என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "இப்ப அந்த நம்பர் எதுவா இருந்தா என்னங்க? அவரு உடம்புல என்ன இருக்குன்னு பார்க்கறாங்க. நீங்க உங்க மேல என்ன இருக்குன்னு பார்க்கறீங்க." அவள் சொன்னது சரி. ஆனாலும் நோட்டை மூட என்னால் முடியவில்லை.

28ஆம் தேதி முடிவு வந்தது. புற்றுதான். நடுத்தரத் தீவிரம். அதைவிடக் கொடியது அதற்குப் பிறகு வந்த ஐந்து நாள். எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க மார்ச் 5, புதன்கிழமை ஸ்கேன் வைத்தார்கள். அப்பாவின் படத்தை எங்கள் இருவருக்கும் மறக்க முடியாது. அந்த வார இறுதியில் தம்பி போன் செய்து, "அண்ணா, நாற்காலியிலேருந்து எழுந்தா இடுப்புல சுளீர்ங்குது. நேத்துக்கூட இல்ல" என்றான். நான் அதையும் தேதி போட்டு எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியைப் பார்க்கப் பயந்து பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

புதன்கிழமை அவன் ஸ்கேன் அறைக்குள் இருந்தபோது, வெளியே பெஞ்சில் அவன் மனைவியும் நானும் இருந்தோம். மாத்திரை விஷயம் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவமனைப் படிவத்தில் மருந்துகளை அவளே நிரப்பவேண்டி வந்தபோது அவன் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

"மாமா, எங்க பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின மாசம் இவரு டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னாரு. நீங்க வேணாம்னீங்களாமே."

"ஆமாம்மா."

"ஏன் மாமா?"

"குறைஞ்சிருந்துச்சு."

 கோப்பின் நாடாவை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். "நானும் கேக்கல. தலையணையில முடி கொட்டுறது நின்னுடுச்சே, எப்படின்னு நானும்தான் கேக்கல" என்றாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, தன்னைத்தானே கடிந்துகொண்டாளா, தெரியவில்லை.

எலும்புகளில் ஒன்றும் இல்லை என்று மாலை ஐந்தரைக்குச் சொன்னார்கள். தம்பி உடனே நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்தான். "சுளீர் போயிடுச்சு" என்றான்.

ஏப்ரல் 10ஆம் தேதி அறுவை நடந்தது. சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். 22ஆம் தேதி ஆய்வறிக்கை வந்தது. கட்டி சுரப்பிக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆனால் இடது பக்கம் ஓரத்தை மிகவும் நெருங்கிவிட்டது. அதனால்தான் அந்தப் பக்கத்து நரம்பையும் சேர்த்து எடுக்கவேண்டி வந்தது என்று டாக்டர் விளக்கினார். அந்த நரம்பு போனதன் விளைவுகளைத் தம்பி என்னிடம் சொன்னதைவிட அதிகமாக அவன் மனைவியிடம் சொல்லியிருப்பான். எனக்குத் தெரிந்தது ஒன்று: இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிந்ததால் சில மாதங்கள் பேட் வைத்துக்கொண்டு நடமாடினான். முதல் நாள் கடைக்குப் போய் வாங்கி வந்தவன் நான். கடைக்காரப் பெண், "யாரிகே சார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். தம்பிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "நனகே" என்றேன், எனக்குத்தான் என்று.

ஆய்வறிக்கை வந்த அன்று டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். "2022லயே வந்திருந்தா?"

"சுலபமா இருந்திருக்கலாம். அந்த நரம்பைக் காப்பாத்தியிருக்கலாம். இல்ல, அப்ப எதுவுமே தெரியாம, வீட்டுக்குப் போங்கன்னு நானே அனுப்பியிருக்கலாம். அப்ப மாத்திரை ஓடிக்கிட்டிருந்துச்சான்னு தெரிஞ்சாத்தான் கொஞ்சமாவது சொல்ல முடியும் சார்."

என் மகனைப் பற்றியும் கேட்டேன். அவனுக்கு நாற்பது வயது. தக்காளி நல்லது, அந்த விதை நல்லது என்று நான் வெட்டி ஒட்டி வைத்திருந்த பத்திரிகைத் துணுக்குகளைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தக்காளி சாப்பிடட்டும், கெடுதல் இல்ல. அதை நம்பி டெஸ்டை விட்டுடக் கூடாது. வரவே வராம தடுக்கிற மருந்துன்னு ஒண்ணு என்கிட்ட இல்ல. நடக்கட்டும், எடை ஏறாம பார்த்துக்கட்டும், சிகரெட் வேணாம். தாத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் இருந்திருக்கு, அதனால நாற்பத்தஞ்சுக்குள்ள ஒரு டாக்டர்கிட்ட உக்காந்து பேசட்டும். எல்லா மாத்திரையையும் சொல்லட்டும்."

மகனை அன்றைக்கே கேட்டேன். ஈஜிபுராவில் உள்ள ஒரு ஜிம்மில் கொடுத்த புரதப் பொடி ஒன்று உண்டு என்றான். டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

மே 26ஆம் தேதி தம்பிக்கு அறுவைக்குப் பின் முதல் பி.எஸ்.ஏ. எடுத்தார்கள். கருவி அளக்க முடியாத அளவுக்குக் கீழே இருந்தது. அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆனால் 2022ஆம் வரிசையில் இருந்த பென்சில் குறி அப்படியே இருந்தது. அது என் கேள்வி. நானே தீர்க்கவேண்டும் என்று தம்பியிடம் கேட்டுக் கேட்டுத் தேதிகளைத் திரட்டினேன்.

போனில் மருந்து வரவழைக்கும் செயலியில் இருக்கும் மிகப் பழைய ஆர்டர் 2023 மார்ச் 11. அதற்கு முன்னால் ஆபீஸ் பக்கத்துக் கடையில் பில் இல்லாமல் வாங்கினேன் என்றான். எத்தனை அட்டை என்று நினைவில்லை. போய்ப் பார்த்தேன். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

"அண்ணா, கல்யாண ஆல்பம் வந்ததும்தான் ஆரம்பிச்சேன். மேடையில மேலேருந்து ஒரு போட்டோ எடுத்தான் பாரு, அதைப் பார்த்துட்டு. எழுதிக்கோ" என்றான் தம்பி. கல்யாணம் 2023 ஜனவரி. அப்படியானால் 2.4 உண்மையான 2.4.

அவன் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "இல்ல மாமா. நிச்சயதார்த்தம் முடிஞ்ச வாரம், துணி ஊறவைக்கும்போது இவரு சட்டைப் பையில ஒரு அட்டை இருந்துச்சு. பத்துல நாலு இல்ல. என்னன்னு கேட்டேன். அசிடிட்டின்னாரு." நிச்சயதார்த்தம் 2022 மே. டிசம்பருக்குள் ஏழு மாதம்.

"அது அசிடிட்டிதான். நாலு நாள் சமையல்காரர் சாப்பாடு. நெஞ்சு எரிஞ்சு செத்தேன்."

"அப்ப ஏன் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க?"

"நெஞ்சு எரிஞ்சா எந்த மூஞ்சியைக் காட்டுறது?"

அவள் என்னைப் பார்த்தாள். அட்டையின் நிறம் கேட்டேன். வெள்ளி நிறம் என்றாள். எல்லா அட்டையும் அந்த நிறம்தான். பேரைப் படித்தாயா என்றேன். ஈரமாக இருந்தது, படிக்கவில்லை என்றாள். நிச்சயதார்த்தப் படங்களையும் கல்யாணப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டிலும் சாயம் பூசியிருக்கிறான். ஒன்றில் வெயில், மற்றதில் மண்டபத்து விளக்கு. முடி அடர்த்தியை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. தம்பி எனக்காகப் பொய் சொல்கிறானா என்று ஒரு கணம் தோன்றியது. அவனிடம் கேட்கவில்லை. கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வான், அதையும் சரிபார்க்க வழியில்லை.

ஆகையால் குறிப்புக் கட்டத்தில், பழைய பதிவை அடிக்காமல், அதற்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: 'மருந்து: மேற்படியா, இல்லையா, தெரியாது. மே 2022இல் சட்டைப் பையில் இருந்த அட்டை எந்த மாத்திரை என்பதில் இரு கூற்றுகள். இரண்டுக்கும் சான்று இல்லை. இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.'